பழைய கெர்னலை அழிக்காதீர்கள்

லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னலைப் புதுப்பித்துக் கணினியை மீண்டும் இயக்கியதும் இணைய இணைப்பு அற்றுப்போவதுண்டு. தீர்வு இணையத்தில் இருக்கிறது. அதை எட்டும் வழியோ அடைபட்டுவிட்டது. இந்நிலையில் இயங்குதளத்தையே அழித்து மீண்டும் நிறுவுவோர் உண்டு. அது தேவையற்றது.

வன்பொருள் பெரும்பாலும் பழுதாகியிருக்காது. வைஃபை சில்லுகளுக்கான டிரைவர்கள் பல கெர்னலுடனேயே வருகின்றன. தனியாக நிறுவப்படுபவற்றையோ ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் புதிதாகத் தொகுக்க வேண்டும். டி.கே.எம்.எஸ். என்னும் ஏற்பாடு இதைத் தானாகவே செய்கிறது. ஆனால், புதிய பதிப்புக்குரிய ஹெட்டர் கோப்புகள் இல்லையெனில் அதுவும் பயன்தராது. செக்யூர் பூட் இயங்கும் கணினியில், உரிய டிஜிட்டல் கையொப்பமில்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்க மறுக்கவும் கூடும்.

உபுண்டு, டெபியன் போன்றவை முந்தைய கெர்னலை உடனே நீக்கிவிடுவதில்லை. கணினி தொடங்கும்போது கிரப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இணைப்பு திரும்பினால், குறை வன்பொருளில் இல்லை என்பது தெளிவாகும். அந்த இணைப்பைக் கொண்டே ஹெட்டர் கோப்புகளை நிறுவி, டிரைவரைப் புதிய கெர்னலுக்குத் தொகுத்துக்கொள்ளலாம். அதுவும் கைகொடுக்காவிடில், செல்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர முயலலாம்.

இதற்கு அஞ்சிப் புதுப்பித்தலைத் தவிர்ப்பது சரியன்று. பாதுகாப்புக் குறைகள் களையப்படுவது அதன் வழியாகத்தான். இடத்தை மிச்சப்படுத்த எண்ணி, நன்கு இயங்கிய பழைய கெர்னலை அவசரப்பட்டு நீக்காதிருப்பதே அறிவுடைமை. புதியது சரியாக இயங்குகிறது என உறுதியாகும்வரை, திரும்பிவர ஒரு வழி இருக்கட்டும்.