முள்நுனியில் ஒரு சாரம்

கட்டடம் முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். மூளையில் பிரிப்பதில்லை, பெயர்தான் பொருந்தவில்லையோ? செய்தி வாங்கும் நரம்புச் செல்லின் கிளைகளில் துருத்தும் சிறு முட்களின் நுனியில், சவ்வை ஒட்டி உட்புறம் அடர்ந்திருக்கிறது பிஎஸ்டி-95 என்ற சாரப் புரதம். குளூட்டமேட்டை வாங்கும் என்எம்டிஏ ஏற்பியை அது இடம்பெயராமல் பிடித்துவைக்கிறது.

திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையத்தில் ஆர்.வி. ஓம்குமார் ஆராய்ந்தது இந்த ஏற்பியைத்தான்: நினைவு பதிய உதவும் கேம்கைனேஸ்-2 என்சைம் அதில் எப்படி ஒட்டுகிறது என்று.

பக்கவாதத்தில் இதே இடம் ஆபத்தாகிறது. ரத்தம் தடைபட்டதும் குளூட்டமேட் வெள்ளமாய்ப் பெருகும். ஏற்பி வழியே புகும் கால்சியம், அதே சாரத்தில் பிணைந்திருக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்சைமைத் தூண்டி, செல்லின் சாவுக்கு வழிவகுக்கும். அந்தப் பிணைப்பை அவிழ்க்க வந்த நெரினெடைட் மருந்து, 2020இல் முடிவு வெளியான 1,105 பேர் சோதனையில் ஒட்டுமொத்தப் பலன் காட்டவில்லை.