பௌர்ணமி இரவில் அப்பாவின் கணினி மக்கர் செய்தால்... தூரத்திலிருந்தே சரிசெய்வது எப்படி?

திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்குப் பின்புறம் இருக்கிறது அடி அண்ணாமலை. ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இருக்கும் ஊர். பௌர்ணமி வந்துவிட்டால் பாதை முழுக்க மனிதத் தலைகள்தான். வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள், பஸ்கள் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். அன்றைக்குப் பார்த்து வீட்டுக் கணினி மக்கர் செய்தால், டவுனிலிருந்து மெக்கானிக்கும் வர முடியாது, சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளையும் வர முடியாது. "ஏம்மா, என்னமோ இங்கிலீஷ்ல கேக்குது. நீயே அங்கிருந்து பார்த்துக்கயேன்" என்று அப்பா போனில் சொல்வார்.

அதற்குத்தான் ரிமோட் டெஸ்க்டாப். ஆனால் முதல் முயற்சியிலேயே இணைந்துவிட்டால் அதிர்ஷ்டம்தான். காரணம், இன்றைக்கு ஒரே குடும்பத்தில் மூன்று 'ஜாதி' கணினிகள் இருக்கின்றன. அப்பாவிடம் விண்டோஸ், பெங்களூரில் இருக்கும் அண்ணனிடம் ஆபீஸ் கொடுத்த மேக், வீட்டு அலமாரியில் அரசு கொடுத்த பழைய லேப்டாப். தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது நினைவிருக்கலாம். விண்டோஸ் தள்ளாடத் தொடங்கியதும் அதில் உபுண்டு போட்டு ஓட்டும் வீடுகள் உண்டு.

இந்த மூன்றும் ஒன்றோடொன்று பேசாது என்று நினைத்துவிட வேண்டாம். பேசும். ஆனால் பேசும் பாஷை வேறு. மைக்ரோசாஃப்ட்டின் பாஷை ஆர்.டி.பி. இன்னொன்று வி.என்.சி, 1990-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. மேக்கில் இருக்கும் 'ஸ்கிரீன் ஷேரிங்' அடிப்படையில் இந்த வி.என்.சி வழி வந்ததுதான். எந்தக் கணினியிலிருந்து பார்க்கிறீர்கள் என்பது பெரிய விஷயமே அல்ல. மேக்கிலிருந்து விண்டோஸைப் பார்க்க மைக்ரோசாஃப்ட்டே இலவச ஆப் தருகிறது (2024-ல் அதன் பெயரை 'விண்டோஸ் ஆப்' என்று மாற்றிவிட்டார்கள், பழைய பெயரில் தேடினால் குழப்பம்தான்). லினக்ஸில் 'ரெம்மினா' இரண்டு பாஷையும் பேசும். எந்தக் கணினியைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதுதான் முக்கியம். சிக்கல் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கும்.

எங்கே நிற்கிறது?

இணைப்பு கிடைக்கவில்லை என்றதும் கண்ணில் பட்ட செட்டிங்கை எல்லாம் மாற்றாதீர்கள். கணினி எப்படி மறுக்கிறது என்று கவனியுங்கள். வெகுநேரம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் 'முடியவில்லை' என்றால், நீங்கள் அந்த வீட்டு வாசலுக்கே போய்ச் சேரவில்லை. கணினி தூங்கிக்கொண்டிருக்கலாம், கரன்ட் போயிருக்கலாம், வழி அடைபட்டிருக்கலாம். சட்டென்று மறுத்தால், வாசலுக்குப் போய்விட்டீர்கள். உள்ளே அந்த வசதியை யாரும் ஆன் செய்யவில்லை. பாஸ்வேர்டு கேட்டுவிட்டு மறுத்தால் சந்தோஷப்படுங்கள், முக்கால்வாசி வேலை முடிந்தது.

ஆன் செய்யப் போனால் அந்த ஆப்ஷனே வேலை செய்யவில்லையா? அது விண்டோஸ் 'ஹோம்' பதிப்பாக இருக்கும். வீட்டுக்கு வாங்கும் லேப்டாப்களில் பெரும்பாலும் இதுதான் வரும். ஹோம் பதிப்பிலிருந்து வேறு கணினியைப் பார்க்கலாம்; ஆர்.டி.பி வழியாக அதை யாரும் பார்க்க முடியாது. அதற்கு 'ப்ரோ' வேண்டும். விற்கும்போது இதை ஒரு வரி சொன்னால் எத்தனை பேரின் ஞாயிற்றுக்கிழமைகள் தப்பிக்கும்! செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதற்குள் 'அபவுட்' போய்ப் பாருங்கள். ஹோம் என்று இருந்தால் ஆர்.டி.பி-யோடு மல்லுக்கட்ட வேண்டாம். கூகுளின் 'குரோம் ரிமோட் டெஸ்க்டாப்' விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அப்பா திரையில் வரும் எண்ணைப் படித்துச் சொன்னால் போதும். அந்த எண் ஒரு முறைக்கு மேல் செல்லாது.

அடுத்தது பாஸ்வேர்டு. "தினமும் நாலு நம்பர் போட்டுத்தானே திறக்கிறேன்" என்பார் அப்பா. அது பின் நம்பர், அந்தக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டுமே செல்லும். தூரத்திலிருந்து நுழைய, கணக்கின் முழு பாஸ்வேர்டு தேவை. பாஸ்வேர்டே வைக்காத கணினியா? வெற்று பாஸ்வேர்டோடு வெளியிலிருந்து வருபவரை விண்டோஸ் உள்ளே விடாது. நல்லதுதான்.

வீட்டுக்குள் வருகிறது, வெளியே வரவில்லை

ஒரே வைஃபையில் இருக்கும்போது அருமையாக இணைந்தது, சென்னைக்குப் போனதும் இணையவில்லை என்பது அடிக்கடி கேட்கும் புலம்பல். மொபைல் இணையத்திலும் பல பிராட்பேண்ட் இணைப்புகளிலும் நிறைய வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரிதான். ஒரு பெரிய காம்பவுண்டுக்குள் நூறு வீடு இருக்க, வெளியே ஒரே கதவு எண் மாட்டியிருப்பதுபோல. உங்கள் வீட்டை வெளியிலிருந்து நேரடியாகக் கண்டுபிடிக்க முடியாது.

இந்த இடத்தில்தான் ஓர் ஆபத்தான யோசனை வரும். ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டைத் திறந்துவிட்டால் போதும் என்பார்கள். வேண்டவே வேண்டாம். அது ஆர்.டி.பி-யின் வாசல். திறந்திருக்கும் அந்த வாசலைத் தேடி உலகம் முழுக்க இரவு பகலாகத் தட்டிக்கொண்டே இருக்கும் புரோகிராம்கள் உண்டு. 2019 மே மாதம் 'புளூகீப்' என்ற ஓட்டை வெளியே வந்தபோது, கைவிட்டுவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் ஒட்டுப் போட்டது. அவ்வளவு பயந்தார்கள். 'டெயில்ஸ்கேல்' போன்ற வி.பி.என் ஒன்றை இரு பக்கமும் போட்டுவிட்டால், இரண்டு கணினிகளும் ஒரே வீட்டில் இருப்பதுபோல் ஆகிவிடும். போர்ட்டைத் திறக்கவே தேவையில்லை.

கறுப்புத் திரை

இணைந்துவிட்டது, ஆனால் திரை கறுப்பு. எதிர்ப்பக்கம் லினக்ஸ் என்றால், 'எக்ஸ்.ஆர்.டி.பி' போட்டிருக்கும் கணினியில் இது சகஜம். அதே பயனர் அங்கேயும் லாகின் செய்து உட்கார்ந்திருப்பார். அவரை லாக்-அவுட் செய்யச் சொல்லிவிட்டு முயன்று பாருங்கள். உபுண்டு 22.04 முதல் செட்டிங்ஸிலேயே ரிமோட் டெஸ்க்டாப் வசதி இருக்கிறது, அதுவும் ஆர்.டி.பி-தான் பேசும். அதற்கென்று தனிப் பயனர்பெயரும் பாஸ்வேர்டும் உண்டு. லாகின் பாஸ்வேர்டைப் போட்டுவிட்டு 'தப்பு தப்பு' என்று வருகிறதே எனத் திகைப்பவர்கள் அதிகம்.

எதிர்ப்பக்கம் மேக் என்றால் அறிகுறி வேறு. குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போன்ற ஆப்பில் படம் தெரிகிறது, மவுஸ் நகரவில்லை என்றால் 'அக்சஸிபிலிட்டி' அனுமதி தரப்படவில்லை. படமே வரவில்லை என்றால் 'ஸ்கிரீன் ரெக்கார்டிங்' அனுமதி. இரண்டையும் மேக்கின் முன்னால் இருப்பவர்தான் தர வேண்டும்.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது: தமிழ் தட்டச்சு. இந்தப் பக்கமும் தமிழ்99, அந்தப் பக்கமும் தமிழ்99 ஆன் செய்திருந்தால் எழுத்துகள் இரண்டு முறை மாற்றப்பட்டுக் கந்தலாகிவிடும். உங்கள் கணினியை ஆங்கிலத்தில் வைத்துவிட்டு, தூரத்துக் கணினியில் மட்டும் தமிழை ஆன் செய்யுங்கள். மேக்கிலிருந்து போகிறீர்கள் என்றால், அந்த ஆப்பின் கீபோர்டு மோடை 'யூனிகோடு' என்பதிலிருந்து 'ஸ்கேன்கோடு' என்று மாற்றிப் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் உள்ள கடிதத்தை அங்கே திறந்து படிக்கலாம், காப்பி செய்து இங்கே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். அது இணைப்பின் குற்றமல்ல.

யார் கூப்பிட்டார்கள்?

அப்பாவுக்கு இதையெல்லாம் பழக்கிய பிறகு கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று. "பேங்கிலிருந்து பேசுகிறோம், கே.ஒய்.சி முடியப்போகிறது, இந்த ஆப்பைப் போட்டு நம்பரைச் சொல்லுங்கள்" என்று யாராவது அழைக்கலாம். எனிடெஸ்க் ஆப்பைப் பயன்படுத்தி இப்படிப் பணம் பறிப்பதைப் பற்றி, 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரித்தது. எனிடெஸ்க் கெட்ட ஆப் இல்லை. நாம் அப்பாவுக்கு உதவும் அதே வழியில்தான் திருடனும் வருகிறான். இந்தப் பழக்கம் வந்துவிட்ட பெரியவர், புதியவர் கேட்டாலும் கையெடுக்காமல் எண்ணைச் சொல்லிவிடுவார். அதனால், 'நான் உன் நம்பரிலிருந்து அழைத்து, குரல் கேட்ட பிறகுதான் எண் சொல்லணும்' என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கைத் திறக்கும் வேலை என்றால், இணைப்பைத் துண்டித்துவிட்டு அவரையே செய்யச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அந்த ஆப் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து மூடுங்கள்.

ஏற்கெனவே யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்ற சந்தேகமா? முதலில் ரவுட்டர் ஸ்விட்சை அணைக்கச் சொல்லுங்கள். போன் என்றால் டேட்டாவையும் வைஃபையையும். அடுத்த அழைப்பு வங்கிக்கும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும்.