புகையின் நிறமும் எஞ்சினின் நோயும்

புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று துணிவது அனுமானம். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் அளவை இலக்கணத்தை விளக்குமிடத்து, புகையுடைய மலையையும் அதற்கு எடுத்துக்காட்டாக மடைப்பள்ளியையும் சுட்டுகின்றார். கண்ணுக்குத் தோன்றுவது ஆவியோ பனியோ என்னும் ஐயம் தீராமலே அதனைப் புகையெனக் கொண்டு நெருப்பைத் துணிவது பிழையான ஏது என்றும் அக்காதை எச்சரிக்கின்றது. பழைய மோட்டார் வண்டியின் புகைக்குழாயை ஆராய்வோர்க்கும் இவ்வெச்சரிக்கை முற்றும் பொருந்தும். வண்டிக்குள் நெருப்பு உண்டென்பது யாவரும் அறிந்ததே. அந்நெருப்பில் எரியக்கூடாதது எது எரிகின்றது என்பதே இங்கு நாம் காண வேண்டுவது.

அம்பாசடர் என்னும் மூத்த வண்டி

அமெரிக்கர் தம் 1960களின் எட்டு சிலிண்டர் வண்டிகளைப் போற்றிக் காப்பது போல, நம் நாட்டவர் போற்றுவது அம்பாசடர் வண்டியை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை அடியொற்றி, வங்காளத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் இதனை உருவாக்கியது. 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் இதன் உற்பத்தி நின்றது. ஆயினும் வாடகைக்கும் திருமணத்திற்கும் ஆசைக்குமாக இன்றும் ஓடும் வண்டிகள் உள. நெடுங்காலம் இதில் பொருத்தப்பட்டிருந்த 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் நான்கு சிலிண்டர்களை உடையது. எளிய அமைப்புடையதாகலின் இதன் நோயை அறிதலும் எளிது. அறியாதார் வீண்செலவு செய்தலும் எளிது. புகை கண்டவுடன் "எஞ்சினை இறக்கிப் போர் செய்ய வேண்டும்" என்று கூறக் கேட்டுக் கடன் வாங்கிய ஓட்டுநர் பலர்.

வெண்மை: ஆவியா, புகையா?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் அளவு நீர் உண்டாகின்றது. பனிக்கால விடியலில் குளிர்ந்த குழாயின் வழியே வரும் அந்நீராவி வெண்ணிறமாய்த் தோன்றும். காற்றில் விரைவில் கலந்து மறையும். எஞ்சின் சூடேறிய சில நிமிடங்களில் நின்றும் போகும். இது நோயன்று.

சூடேறிய பின்னரும் அடர்த்தியாக வெண்மை தொடருமாயின், குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் கசிகின்றது எனக் கொள்ளலாம். ஹெட் கேஸ்கட் பழுதுபடுதல் இதற்குப் பெரும்பான்மைக் காரணம். ரேடியேட்டரில் நீர் காரணமின்றிக் குறைதல், எஞ்சின் ஓடுங்கால் அந்நீரில் குமிழிகள் எழுதல், அளவுக்கோலில் ஆயில் பால் கலந்த காப்பி நிறம் கொள்ளுதல் ஆகியன துணைச் சான்றுகள். குமிழியைக் காண விழைவோர் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, பின்னர் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறப்பின் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

நீலம்: ஆயில் எரிதல்

நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவதன் அடையாளம். அது எப்பொழுது தோன்றுகின்றது என்பதே வழக்கின் முடிச்சு. இரவு முழுதும் நின்ற வண்டியைக் கிளப்பியவுடன் ஒரு முறை புகைந்து பின் தெளிந்தால், வால்வுத் தண்டின் வழியே ஆயில் சொட்டியிருத்தல் வேண்டும். ஆக்சிலேட்டரை விட்டுச் சற்று ஓடவிட்டு, மீண்டும் மிதிக்குங்கால் நீலம் பீறிட்டாலும் காரணம் பெரும்பாலும் அதுவே. வால்வு ஆயில் சீல்களை மாற்றினால் போதும். வால்வுக் கைடுகள் தேய்ந்திருப்பின் அவற்றையும் மாற்றுதல் வேண்டும். பாரமேறி விரையுங்கால் இடைவிடாது நீலம் வந்தால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர்ச் சுவரோ தேய்ந்ததென ஐயுறலாம்.

ஐயம் தீர்க்கும் சோதனை ஒன்று உண்டு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அழுத்தமானியைப் பொருத்தி, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். குறைவாக உள்ள சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயிலை ஊற்றி மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் உயர்ந்தால், ஊற்றிய ஆயில் ரிங்கின் இடைவெளியை அடைத்தது என்று பொருள். தேய்வு ரிங்கிலோ சிலிண்டர்ச் சுவரிலோ உள்ளது. உயராவிடின் வால்வையும் கேஸ்கட்டையும் நோக்குக. இவற்றிற்கெல்லாம் முன்னர், எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைபட்டுள்ளதா என்று பார்த்தல் நன்று. அடைப்பினால் உள்ளழுத்தம் மிகுந்து ஆயில் மேலேறுவதும் உண்டு. அதனை நீக்கச் செலவு ஏதுமில்லை.

கருமை: மிகுந்த எரிபொருள்

ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். காற்றுக் குறைந்தாலும் பெட்ரோல் மிகுந்தாலும் கரி தோன்றும். ஏர் கிளீனரில் அடைபட்ட தூசி, திறவாமல் நின்றுவிட்ட சோக், கார்புரேட்டரில் ஓட்டையுற்ற மிதவை ஆகியனவே காரணங்கள். இவை யாவும் எஞ்சினைப் பிரிக்காமலே தீர்க்கத்தக்கவை. ஸ்பார்க் பிளக்கின் முனையும் சான்று பகரும். உலர்ந்த கரி படிந்திருப்பின் மிகுந்த எரிபொருள். ஈரமான கறுப்புப் பிசுக்காயின் ஆயில்.

இங்குக் கூறியன பெட்ரோல் எஞ்சினுக்கே உரியன. டீசல் எஞ்சினில் எரியாத டீசலும் வெண்புகையாக வெளிப்படும் என்பதை மறத்தலாகாது.

உப்பளக் கரையின் தனிச்சிக்கல்

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என அறிஞர் கருதுவர். கழுவேலி ஏரியும் உப்பங்கழியும் உப்பளங்களும் சூழ்ந்த இக்கரையில், வழியில் கொதித்து நின்ற வண்டிக்கு அருகில் கிடைத்த நீரை ஊற்றுதல் ஓட்டுநர் வழக்கம். அது உவர்நீராயின் இரு தீமைகள் விளையும். உப்பிலுள்ள குளோரைடு வார்ப்பிரும்பை விரைந்து அரிக்கும். கடினநீரின் சுண்ணம் நீர்வழிகளில் படிந்து வெப்பத்தை வெளியேற விடாது தடுக்கும். எஞ்சின் அளவிறந்து சூடேறும், ஹெட் வளையும், கேஸ்கட் சிதையும், அப்போது வெண்புகை எழும். உவர்நீர் ஊற்றிய நாளுக்கும் புகை தோன்றிய நாளுக்கும் இடையே மாதங்கள் கழிவதால் காரணத்தை யாரும் நினைவுகூர்வதில்லை.

நீலப்புகை விடும் வண்டி, ஆயிலை நிரப்பிக்கொண்டே சின்னாள் ஓடும். வெண்புகை விடும் வண்டியை உடனே நிறுத்துதல் வேண்டும். சிலிண்டரில் மிகுதியாகத் தேங்கிய நீர் பிஸ்டனின் அழுத்தத்திற்கு ஒடுங்காது. கனெக்டிங் ராடு வளையும். ஆயிலில் நீர் கலந்தால் பேரிங்குகள் அழியும். சிறு தொகையில் முடிய வேண்டியது முழு எஞ்சினையும் கொள்ளும்.

உப்பு ஏற்றிச் சென்ற உமணர் தம் வண்டியின் கீழ்மரத்தில் சேம அச்சினைக் கட்டிச் சென்றனர் என்பதைப் புறநானூற்றின் 102ஆம் பாடலால் அறிகின்றோம். பள்ளமும் மேடும் எங்கு வரும் என்று அறியாதவர் முன்னரே செய்துகொண்ட காவல் அது. இன்று அதே கரையில் வண்டியோட்டுவோர், நல்ல நீர் நிரம்பிய ஐந்து லிட்டர் கலம் ஒன்றைப் பின்பெட்டியில் வைத்துக்கொள்வாராயின், அதுவே அவர்தம் சேம அச்சு ஆகும்.