லண்டன் மாப்பிள்ளைக்கு பெண் கொடுக்கிறீர்களா? 29 ஆயிரம் பவுண்டு சம்பளம், தனி அறை இருந்தால் தான் மனைவிக்கு விசா!

"கல்யாணம் முடிஞ்ச கையோட பொண்ணை லண்டனுக்கு கூட்டிட்டு போயிடுவேன்" என்று மாப்பிள்ளை சொன்னதும் பெண் வீட்டார் மண்டபம் தேட கிளம்பி விடுகிறார்கள். என்ன வேலை, சொந்த வீடா என்று துருவித் துருவி கேட்பவர்கள் கூட, 'எத்தனை மாச பே சிலிப் இருக்கு?' என்று கேட்பது இல்லை.

ஆனால் விசா அதிகாரி முதலில் பார்ப்பது அதைத்தான். தாலி கட்டிய மனைவியே ஆனாலும், கணவர் தன் சம்பளத்தையும் வீட்டையும் காகிதத்தில் நிரூபித்தால் தான் விசா. இல்லாவிட்டால் புதுப்பெண் தாய் வீட்டிலேயே காத்திருக்க வேண்டியது தான். பெண் லண்டனில், மாப்பிள்ளை இங்கே என்றாலும் இதே விதி தான்.

யாருக்கு இந்த விதி?

இங்கிலாந்து குடியுரிமை அல்லது நிரந்தரமாக தங்கும் அனுமதி பெற்றவர்களின் துணைக்கான விதி இது.

வேலை விசாவில் போனவர்களுக்கு விதி வேறு. முதியோர் பராமரிப்பு வேலைக்கு 2024 மார்ச் 11-ந் தேதிக்கு பிறகு விசா கேட்டு போனவர்கள் மனைவியை அழைக்கவே முடியாது. 2024 ஜனவரிக்கு பிறகு படிப்பு தொடங்கிய மாணவர்களில் ஆராய்ச்சி படிப்பு போன்ற சிலருக்கு தான் அந்த சலுகை உண்டு. எனவே மாப்பிள்ளை என்ன விசாவில் இருக்கிறார் என்பதே முதல் கேள்வி.

எவ்வளவு சம்பளம்?

2012 ஜூலையில் இருந்து ஆண்டுக்கு 18,600 பவுண்டு இருந்தால் போதும் என்று இருந்தது. 2024 ஏப்ரல் 11-ந் தேதி அது ஒரேயடியாக 29,000 பவுண்டு ஆனது. இதை 38,700 வரை உயர்த்த அப்போதைய அரசு திட்டமிட்டது. ஆனால் அடுத்து வந்த அரசு 2024 ஜூலையில் அதை நிறுத்தி வைத்தது.

29,000 பவுண்டு என்பது வரி பிடிப்பதற்கு முந்தைய தொகை. மாதத்துக்கு சுமார் 2,417 பவுண்டு. குழந்தை இருந்தாலும் தொகை கூடாது.

கடையிலும், ஓட்டலிலும் உழைப்பவர்களுக்கு இது சாதாரண தொகை இல்லை. 21 வயது நிரம்பியவர்களுக்கு 2025 ஏப்ரலில் நிர்ணயித்த குறைந்தபட்ச கூலி மணிக்கு 12.21 பவுண்டு. வாரம் 40 மணி நேரம், லீவே போடாமல் 52 வாரமும் சம்பளம் வாங்கினாலும் 25,397 பவுண்டு தான் வரும். அதாவது 3,603 பவுண்டு துண்டு விழும்.

இரண்டு வேலை பார்த்தால் இரண்டு சம்பளத்தையும் கூட்டிக் கொள்ளலாம். ஆனால் பே சிலிப் இல்லாமல் 'கைக்காசாக' வாங்கும் கூலி எண்ணிக்கையில் வராது.

6 மாத கணக்கு

ஒரே முதலாளியிடம் 6 மாதமாக வேலை பார்த்தால், அந்த 6 மாத பே சிலிப், அதே சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மெண்ட், முதலாளியின் கடிதம் மூன்றும் வேண்டும். பே சிலிப்பில் ஒரு தொகை, பேங்கில் வேறு தொகை என்றால் சிக்கல் தான். வேலை மாறி 6 மாதம் ஆகாதவர்கள் கடந்த 12 மாத வருமானத்தையும் காட்ட வேண்டும்.

பெண் இங்கே கை நிறைய சம்பாதித்தாலும் அந்த சம்பளம் சேராது. 'மாமனார் பார்த்துக்குவார்' என்ற வாக்குறுதியும் செல்லாது. நகை, நிலப் பத்திரம் அப்படியே எடுபடாது.

சேமிப்பு கை கொடுக்குமா?

கொடுக்கும். ஆனால் முதல் 16,000 பவுண்டை கழித்து விடுவார்கள். மீதியை இரண்டரையால் வகுத்து வரும் தொகையை தான் சம்பளத்தோடு சேர்ப்பார்கள்.

மேலே சொன்ன 3,603 பவுண்டு துண்டை சரிக்கட்ட சுமார் 25,000 பவுண்டு சேமிப்பு வேண்டும். சம்பளமே காட்டாமல் சேமிப்பை மட்டும் காட்டினால் 88,500 பவுண்டு தேவை. பணம் கணவர் அல்லது மனைவி பெயரில் 6 மாதமாக இருக்க வேண்டும். பெற்றோர் அன்பளிப்பாக கொடுத்த பணம் என்றாலும் இதே 6 மாத கணக்கு தான்.

வீடு எப்படி இருக்க வேண்டும்?

சொந்த வீடு கட்டாயம் இல்லை. வாடகை வீடு, பெற்றோர் வீடு, நண்பர்களோடு பகிர்ந்து கொள்ளும் வீடு எதுவும் சரி. ஆனால் தம்பதிக்கு என்று தனி படுக்கை அறை வேண்டும். வாடகை ஒப்பந்தமும், மனைவி வந்து தங்க சம்மதம் என்று வீட்டுக்காரர் தரும் கடிதமும் கையில் இருப்பது நல்லது.

1985-ம் ஆண்டு வீட்டு வசதி சட்டப்படி நெரிசல் இருக்கக் கூடாது. ஒரு அறைக்கு 2 பேர், 2 அறைக்கு 3 பேர், 3 அறைக்கு 5 பேர் என்பது கணக்கு. ஹாலும் அறை தான். சமையல் அறை, குளியல் அறை சேராது. 50 சதுர அடிக்கு குறைந்த அறையும் சேராது. 1 வயது முதல் 10 வயதுக்குள் உள்ள குழந்தை அரை ஆள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு கணக்கு இல்லை.

ஆக, ஒரு படுக்கை அறையும் ஹாலும் உள்ள வீட்டில் ஏற்கனவே 3 பேர் இருந்தால், புதுப்பெண் நாலாவது ஆள். அங்கேயே விசா சிக்கி விடும்.

விலக்கு உண்டா?

மாற்றுத்திறனாளி உதவித்தொகை, பராமரிப்பாளர் உதவித்தொகை போன்றவற்றை பெறுபவர்களுக்கு 29,000 பவுண்டு விதி கிடையாது. குடும்பம் நடத்த போதிய பணம் உண்டு என்று காட்டினால் போதும். 2017-ல் இங்கிலாந்து சுப்ரீம் கோர்ட்டு, வருமான விதி செல்லும் என்றாலும் குழந்தைகளின் நலனையும் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பு அளித்தது.

மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு...

2025 ஏப்ரல் கணக்குப்படி வெளிநாட்டில் இருந்து விண்ணப்பிக்க 1,938 பவுண்டு கட்டணம். 2 ஆண்டு 9 மாத விசாவுக்கு மருத்துவ கட்டணம் 3,105 பவுண்டு தனி. விசா மறுக்கப்பட்டால் மருத்துவ கட்டணம் திரும்ப வரும். விண்ணப்ப கட்டணம் வராது. ஆங்கில தேர்வு, காசநோய் பரிசோதனையும் உண்டு.

எனவே ஜாதகம் பார்க்கும் போதே, "தம்பி, என்ன விசா? ஆறு மாச பே சிலிப் இருக்கா? வீட்டுல எத்தனை பேர், எத்தனை ரூம்?" என்று கேட்டு விடுவது நல்லது. கேட்பதில் தப்பே இல்லை. பதில் சரியாக இல்லை என்றால் கல்யாணத்தை நிறுத்த வேண்டாம். 6 மாத கணக்கு சேரும் வரை தேதியை தள்ளி வைத்தாலே, பெண் தனியாக காத்திருக்கும் காலம் குறையும்.