தூசுக்கு வாரிசு இல்லை

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் தரைக்கு 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அங்கே தங்கம் படிகக்கல்லோடு ஒட்டிக் கிடந்தது. துளை போடும்போதெல்லாம் சிலிக்கா தூசு கிளம்பியது. வட ஆர்க்காட்டிலிருந்து வந்து லைன் வீடுகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் தாத்தா, அப்பா, மகன் என்று வரிசையாகக் குழிக்குள் இறங்கினார்கள். இருமலும் மூச்சிரைப்பும் அதே வரிசையில் வந்தன. பார்ப்பவர்களுக்கு இது வம்சத்தில் வரும் வியாதியாகத் தோன்றும். உண்மையில் வம்சாவளியாக வந்தது வேலைதான். மைசூர் அரசு 1940-லேயே இந்தத் தூசு நோயான சிலிகோசிசுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்து, அதைத் தொழில்நோயாக ஏற்றது.

நுண்ணிய துகள் மூச்சுச் சிற்றறை வரை போய்விடுகிறது. அதை விழுங்க வரும் வெள்ளணு தானே செத்துப்போகிறது, அடுத்ததும் அப்படியே. அந்த இடம் தழும்பாக இறுகுகிறது. நுரையீரல் எவ்வளவு இறுகினாலும், பிள்ளைக்குப் போவது விந்தணுவிலும் கருமுட்டையிலும் உள்ள மரபணுக்கள்தான். தழும்பு அங்கே பதிவாவதில்லை. ஜெர்மன் உயிரியலாளர் வைஸ்மன் 19-ஆம் நூற்றாண்டிலேயே தலைமுறை தலைமுறையாக எலிகளின் வாலை வெட்டிப் பார்த்தார். பிறந்த குட்டிகளுக்கெல்லாம் வால் முழுசாகவே இருந்தது.

ஒரே குழியில் ஒரே காலம் உழைத்த இருவரில் ஒருவர் மட்டும் ஏன் படுக்கையில் விழுகிறார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உடல் தூசை எதிர்கொள்ளும் விதத்தில் மரபணுவுக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் அந்த மரபணு அவர் குழிக்குள் இறங்குமுன்பே அவரிடம் இருந்தது; தூசு அதை எழுதவில்லை. தூசே இல்லாத இடத்தில் அந்த மரபணுவால் சிலிகோசிஸ் வரப்போவதும் இல்லை. தண்ணீர் விட்டுத் துளைத்தால் தூசு அடங்குகிறது, நோயும் குறைகிறது. பரம்பரை என்று கைவிரித்திருந்தால் அந்தத் தண்ணீர்க் குழாய்க்கு யார் செலவு செய்திருப்பார்கள்?

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: பரம்பரையாக வரக்கூடிய நோயைப் பரம்பரை இல்லை என்று நினைப்பது. "எங்க வம்சத்துலேயே இந்த நோய் கிடையாதே" என்பது அக்கா மகளைக் கட்டும் வீடுகளில் கேட்கிற பேச்சு. மெண்டல் பட்டாணிச் செடியில் கண்டது இதுதான்: ஒவ்வொரு பண்புக்கும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று வருகிறது. ஒடுங்கு மரபணு ஒற்றையாக வந்தால் ஒளிந்தே கிடக்கும். இரண்டாகச் சேர்ந்தால்தான் வெளிப்படும். மாமனின் அப்பாவிடம், அதாவது அக்கா மகளின் தாத்தாவிடம், அப்படி ஒரு பழுது ஒற்றையாக இருந்ததென்று வையுங்கள். அது மாமனுக்கு வந்திருக்க 2-இல் 1 வாய்ப்பு, அக்கா மகளுக்கு 4-இல் 1. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 4-இல் 1. பெருக்கினால் 32-இல் 1. மாமன் வெளியே பெண் எடுத்து, அங்கே 100 பேரில் ஒருவரிடம் அந்தப் பழுது இருந்தால், 800-இல் 1.

"தலைமுறைகளாகச் சொந்தத்தில்தானே கட்டுகிறோம், என்ன ஆகிவிட்டது?" என்பதைத் தள்ளிவிட முடியாது. வேலூர் சி.எம்.சி.யின் சுந்தர் ராவும் இன்பராஜும் 1970-களில் தமிழ்நாட்டில் ஆராய்ந்தபோது, சொந்தத் திருமணத்தால் கருச்சிதைவோ பிள்ளைப்பேற்றுக் குறையோ பெரிதாகக் கூடவில்லை. பல நூற்றாண்டு உறவுமணத்தில் கொடிய மரபணுக்கள் கழிந்துபோயிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். ஆனால் அது ஊர் முழுவதன் சராசரி. அரிய பழுதைச் சுமக்கும் நான்கைந்து குடும்பங்கள் அந்தச் சராசரியில் தெரியாது. அங்கே கணக்கு இன்னும் 32-இல் 1 தான்.