மிக்-21 மாதிரி விமானம்: ஒட்டுவதும் வண்ணம் பூசுவதும்

இந்திய விமானப்படையில் 1963 முதல் 2025 வரை பறந்த மிக்-21 ஜெட் போர் விமானத்தின் இறக்கை அகலம் 7.15 மீட்டர். பிளாஸ்டிக் மாதிரியில், 1/72 அளவுக்குச் சுருக்கினால் அது 10 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறையும். 1/48 அளவில் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் வரும். ஜெட் மாதிரிகளில் பெரும்பாலும் புழங்குபவை இந்த இரண்டு அளவுகள்தான்.

உருக்கிய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி பாகங்களை வார்க்கிறார்கள். பெட்டியைத் திறந்தால் அவை பிளாஸ்டிக் சட்டங்களோடு ஒட்டியபடியே இருக்கும். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை மிஞ்சியிருந்தால் வண்ணம் பிடிக்காது. அதனால் சோப்பு நீரில் அலசி உலர்த்துவதே முதல் வேலை. பாகத்தைச் சட்டத்திலிருந்து முறித்தெடுக்கக் கூடாது. சற்றுத் தள்ளி கட்டரால் நறுக்கி, எஞ்சிய முனையைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்.

உடற்பகுதியின் இரு பாதிகளையும் ஒட்டிவிட்டால் பிறகு தூரிகை உள்ளே போகாது. ஆகவே விமானி அறைக்கும் பின்புறப் புகைபோக்கிக்கும் முன்கூட்டியே வண்ணம் பூசிவிட வேண்டும். மிக்-21 விமானி அறையின் உட்புறம் நீலம் கலந்த பச்சை. அளவுமானிப் பலகையில் உள்ள மானிகள் கறுப்பு. தூரிகையில் வெளிர்சாம்பல் தொட்டு, அதை ஏறக்குறைய முழுவதும் துடைத்தெடுத்துவிட்டு அந்தப் பலகையின் மேல் மெல்ல இழுத்தால், மேடான விளிம்புகளில் மட்டும் நிறம் பிடித்து ஒவ்வொரு மானியும் தனித்தனியாகத் தெரியும். மூக்குச் சக்கரம் உள்ள ஜெட் மாதிரிகள் பல, வால் கனத்து பின்பக்கம் சாய்ந்துவிடும். அதைத் தடுக்க மூக்குக்குள் ஈயக் குண்டுகளை வைக்க வேண்டியதும் இந்தக் கட்டத்தில்தான்.

மாதிரி விமானப் பசை சாதாரணக் கோந்து போன்றதல்ல. பிளாஸ்டிக்கையே கரைத்து இரு பாகங்களையும் ஒன்றாக்கும் கரைப்பான். பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடுக்கில் தூரிகை முனையால் தொட்டால் போதும், நீர்த்த பசை தானாகவே உள்ளே ஓடும். இலேசாக அழுத்தும்போது இளகிய பிளாஸ்டிக் கோடாகப் பிதுங்கும். ஒரு நாள் கழித்து அதைத் தேய்த்தால் இணைப்பின் தடமே இருக்காது. இடைவெளி எஞ்சிய இடங்களில் பட்டி பார்க்க வேண்டும். விமானி அறையின் கண்ணாடி மூடிக்கு சூப்பர் குளூ ஆகாது. அதன் ஆவி படிந்து கண்ணாடி வெளுத்துவிடும்.

அடுத்து, கண்ணாடியை மறைப்பு நாடாவால் மூடி, சாம்பல் நிறப் பிரைமர் அடிக்க வேண்டும். கண்ணுக்குத் தப்பிய கீறலையும் இணைப்புக் கோட்டையும் பிரைமர் காட்டிக்கொடுக்கும். அவற்றைத் திருத்திய பிறகே நிறம் பூசலாம். ஏர்பிரஷ் இருந்தால் 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் மெல்லிய பூச்சுகளாக அடிக்கலாம். ஒரே பூச்சில் தடிமனாக அடித்தால் விமானத் தகடுகளின் இணைப்பைக் காட்டும் நுண்ணிய பலகைக் கோடுகள் மூழ்கிவிடும். உருமறைப்பு வண்ணத்தில் முதலில் வெளிர்நிறம், பிறகு அடர்நிறம். தொடக்கக் கால இந்திய மிக்-21களின் வெற்று உலோகத் தோற்றத்துக்கு, பளபளக்கும் கறுப்பின் மேல் வெள்ளி நிறத்தை மெலிதாக அடிப்பது நல்ல பலன் தரும். வண்ணம் அடிக்கும்போது காற்றோட்டமும், ஆவியைத் தடுக்கும் முகக் கவசமும் கட்டாயம்.

மூவண்ண வட்டமும் எண்களும் நீரில் நனைத்து ஒட்டும் டீகால்களாக வரும். சொரசொரப்பான பரப்பில் அவற்றின் அடியில் காற்று தங்கி வெள்ளை படரும். அதனால் முதலில் பளபளப்பு வார்னிஷ் பூசி, அதன் மேல் டீகால் ஒட்டி, காய்ந்தபின் இன்னொரு பூச்சால் மூட வேண்டும். பிறகு நீர்க்கக் கரைத்த அடர்நிற வண்ணத்தைப் பலகைக் கோடுகளில் ஓடவிட்டு, மேலே படிந்ததைத் துடைத்தால் கோடுகள் எடுப்பாகத் தெரியும். இந்த வண்ணம் அடியிலுள்ள வார்னிஷைக் கரைக்காத வகையாக இருக்க வேண்டும்.

உருமறைப்பு விமானத்துக்கு மங்கல் வார்னிஷ் கடைசிப் பூச்சு. அதன்பின் கண்ணாடியின் நாடாவை உரித்து, சக்கரங்களையும் ஏவுகணைகளையும் பொருத்தலாம். மூக்கில் நீண்டிருக்கும் பிட்டோ குழாய் கை பட்டாலே ஒடிந்துவிடும் என்பதால் அதை எல்லாவற்றுக்கும் பின்னர் ஒட்டுவதே நல்லது.