எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது

கணக்கு என்றாலே நம் தோட்டத்து மக்களுக்கு ஒரு கசப்பு உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. காலங்காலமாக மற்றவர்கள்தான் நம்மை எண்ணினார்கள். விடியுமுன் பெரட்டில் தலைகளை எண்ணினார்கள். வெயில் ஏறியதும் பாலை நிறுத்தார்கள். மாதக் கடைசியில் கிராணி செக்ரோலைப் பார்த்துச் சம்பளம் போட்டார். அவையெல்லாம் தோட்டத்தின் இலாபத்துக்கான கணக்குகள். நம் வாழ்வு உயர்ந்ததா, தாழ்ந்ததா என்று பார்த்த கணக்கு எது?

அப்படியும் ஒரு கணக்கு உண்டு. 1981இல் தொடங்கிய நான்காவது மலேசியத் திட்டத்தில் அது இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 1970இல் நூற்றுக்கு 49.3 குடும்பங்கள் ஏழ்மையில் இருந்தன. 1980இல் அது 29.2 ஆகக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் தொழில்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். நெல் பயிரிடுவோரிடையே ஏழ்மை 88.1இலிருந்து 55.1க்கு இறங்கியது. மீனவரிடையே 73.2இலிருந்து 45.3க்கு. ரப்பர் சிறுதோட்டக்காரரிடையே 64.7இலிருந்து 41.3க்கு. தோட்டத் தொழிலாளரிடையே? 40.0இலிருந்து 35.2க்கு! பத்து ஆண்டுகளில் நூற்றுக்கு ஐந்து பேர்கூடக் கரையேறவில்லை.

மொத்தக் கணக்கை மட்டும் படித்தவருக்கு நாடு முன்னேறியது தெரியும். பிரித்துப் படித்தவருக்குத்தான் யார் பின்தங்கினார் என்பது தெரியும். தோட்டம் தனியார் நிலம் என்று கருதப்பட்டதால், கிராம வளர்ச்சித் திட்டங்கள் பெரும்பாலும் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டன. நம் பெரியவர்கள் மேடைதோறும் சொன்ன குறையை அந்த ஒரு தாள் எண்ணால் எழுதிக் காட்டியது. வாய்ப்பேச்சை மறுக்கலாம், அரசாங்கமே அச்சிட்ட எண்ணை மறுப்பது எளிதன்று.

பிறகு என்ன நடந்தது? ரப்பர் மரங்கள் சாய்ந்தன. செம்பனை வந்தது, சில இடங்களில் வீடமைப்பும் தொழிற்சாலையும் வந்தன. லயத்து வீடுகளை விட்டுக் குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா, தெலுக் இந்தான் என்று பட்டணங்களை நோக்கி நகர்ந்தன. தோட்டத் தொழிலாளி என்ற பத்தியிலிருந்து அவர்கள் பெயர் நீங்கியது. பாதுகாவலர், லாரி உதவியாள், துப்புரவுத் தொழிலாளி என்று வேறு பத்திகளில் சிதறியது. பத்தி மாறியதே தவிர, பலருக்குப் பாடு மாறவில்லை. வறுமை நீங்கிப் பட்டியலைவிட்டுப் போவது வேறு, வறுமையோடு பட்டியலைவிட்டுப் போவது வேறு அல்லவா?

எண்ணினால் மட்டும் போதாது. அளவுகோலும் சரியாக இருக்க வேண்டும். பால் வெட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாளி நிறையப் பால் இருந்தாலும், மெட்ரோலாக் மிதவை காட்டும் சத்தை வைத்துத்தானே எடை போட்டார்கள்! கருவி பிழையானால் கூலியும் பிழைதான்.

நாட்டின் வறுமைக் கோட்டுக்கும் அந்தக் கதியே நேர்ந்தது. 2016இல் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 980 வெள்ளிக்குக் குறைந்தால்தான் அது ஏழைக் குடும்பம். அந்தக் கோட்டின்படி நாட்டில் நூற்றுக்கு 0.4 குடும்பங்களே ஏழைகள். 2019 ஆகஸ்ட்டில் இங்கு வந்த ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், இது உண்மை நிலைக்கு ஒவ்வாது என்று வெளிப்படையாகச் சொன்னார். 2020இல் புள்ளிவிவர இலாகா புதிய முறையை அறிவித்தது. 2019க்கான கோடு 2,208 வெள்ளியாக உயர்ந்தது. புதிய முறையில் மீண்டும் பார்த்தபோது அதே 2016இன் 0.4 விழுக்காடு 7.6 விழுக்காடாயிற்று. ஒரே ஆண்டு, அதே குடும்பங்கள். ஒரே இரவில் யாரும் ஏழையாகிவிடவில்லை. முன்பே ஏழையாக இருந்தவர்கள் அப்போதுதான் கண்ணில் பட்டார்கள்.

சராசரி என்பதிலும் கவனம் தேவை. பக்கத்துப் பக்கத்தில் நான்கு வீடுகள். ஒரு வீட்டில் மாதம் 10,000 வெள்ளி, மற்ற மூன்றிலும் தலா 1,500 வெள்ளி. சராசரி 3,625 வெள்ளி. தாளில் நால்வரும் நலம். அடுப்பங்கரையில் மூவருக்குத் திண்டாட்டம்.

இதில் நாம் செய்யக்கூடியது என்ன?

முதலாவது, குழந்தை பிறந்த 60 நாளுக்குள் பிறப்பைப் பதிந்துவிடுங்கள். பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாமல் தவித்த நம்மவர் ஏராளம். அவர்களுக்காகவே 2011இல் மைடஃப்தார் என்ற பதிவு இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. பத்திரம் இல்லாத பிள்ளை பள்ளியில் சேர்வதற்கே படும் பாட்டை ஆசிரியர்கள் நாங்கள் அறிவோம்.

இரண்டாவது, கணக்கெடுக்க வரும் அதிகாரியைக் கண்டு கதவைச் சாத்தாதீர்கள். வருமானத்தைக் கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். 1965ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சட்டப்படி நீங்கள் தரும் சொந்த விவரம் இரகசியமாகக் காக்கப்படும். ஏழைக் குடும்பங்களுக்கென்று இ-காசே என்ற தனிப் பதிவும் உண்டு. தகுதியுள்ளவர்கள் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மூன்றாவது, நமக்கென்று ஒரு குறிப்பேடு வேண்டும். கோயில் கமிட்டியோ, பெற்றோர் ஆசிரியர் சங்கமோ இதைச் செய்யலாம். எத்தனை வீடு, எத்தனை பேருக்கு வேலை, படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எத்தனை, துணையின்றி இருக்கும் முதியவர் எத்தனை? ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுங்கள். பெயர்களை வெளியே விடாமல் எண்களை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். "எங்கள் பக்கம் ரொம்பக் கஷ்டம் ஐயா" என்றால் மக்கள் பிரதிநிதி தலையாட்டிவிட்டுப் போவார். "42 வீட்டில் 9 வீட்டுக்குப் பத்திரச் சிக்கல்" என்றால் பதில் சொல்லியாக வேண்டும். அடுத்த ஆண்டு அதே நோட்டைத் திறந்தால், 9 எத்தனையாகக் குறைந்தது என்றும் கேட்கலாம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். சரிதான். ஆனால் ஏட்டில் ஏறாத வீட்டுக்குப் பந்தியில் இலையும் விழுவதில்லை. அன்று நம்மைப் பிறர் எண்ணினார்கள், தங்கள் இலாபத்துக்காக. இனி நம்மை நாமே எண்ணுவோம், நம் பிள்ளைகளுக்காக!